சோதனை ஃபோர்க்: திறமூல இணைய இடைமுகக் கூறு ஒன்றின் தனிப்பிரதியைப் பராமரித்தல்

சோதனை ஃபோர்க் என்பது, ஒரு திறமூல மென்பொருளின் மூலநிரலைப் பிரதியெடுத்து, மூலத் திட்டத்தில் இன்னும் ஏற்கப்படாத மாற்றங்களை முயன்று பார்ப்பதற்காகத் தனியே நடத்தப்படும் கிளை ஆகும். மரக்கிளை கவட்டையாகப் பிரிவதைப்போல ஒரே நிரல் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து வளர்வதால் இதற்கு இப்பெயர் வந்தது. நாட்காட்டி, அட்டவணைக் கட்டம், வரைபடம், இழுத்து நகர்த்தும் பட்டியல் போன்ற இணைய இடைமுகக் கூறுகளில் இத்தகைய ஃபோர்க்குகள் மிகுதி. கூறு சிறியது, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தொழிலின் தேவையும் வேறு. மூலப் பராமரிப்பாளரால் எல்லாருடைய தேவையையும் நிறைவேற்ற இயலாது.

ஃபோர்க் எடுப்பது கிட்ஹப் போன்ற தளங்களில் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அதைப் பல ஆண்டுகள் பராமரிப்பதுதான் கடினம். இக்கட்டுரை, ஸ்லிக்கிரிட் என்ற அட்டவணைக் கூறின் வரலாற்றை முதன்மை எடுத்துக்காட்டாகவும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஆர்டர் அட்டவணையைப் பயன்பாட்டுக் களமாகவும் கொண்டு அப்பராமரிப்பை விளக்குகிறது.

ஃபோர்க்கின் வகைகள்

நடைமுறையில் மூன்று வகை ஃபோர்க்குகளைக் காணலாம்.

முதலாவது, பங்களிப்பு ஃபோர்க். ஒரு பிழையைத் திருத்தி, மூலத் திட்டத்திற்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புவதற்காக எடுக்கப்படுவது. கோரிக்கை ஏற்கப்பட்டதும் இதன் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, சோதனை ஃபோர்க். ஒரு பெரிய வசதியை உருவாக்கி, உண்மையான பயனர்களிடம் சில மாதங்களோ ஆண்டுகளோ ஓட்டிப் பார்ப்பதற்கானது. மூலத்தின் புதிய பதிப்புகளையும் இது தொடர்ந்து உள்வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நிலையான பிரிவு. மூலத் திட்டம் நின்றுபோனதாலோ, உரிமம் மாறியதாலோ, நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு எழுந்ததாலோ தனித் திட்டமாகவே ஆகிவிடுவது. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளின் ஃபோர்க்காகவே தொடங்கியது.

இவற்றுக்கிடையேயான எல்லை நிலையானது அன்று. சோதனையாகத் தொடங்கியது மூலத்தையே மாற்றியமைத்ததும் உண்டு. 1997-இல் குனூ சி தொகுப்பியிலிருந்து பிரிந்த எக்ஸ் (ஈ.ஜி.சி.எஸ்) என்ற சோதனைக் கிளை, 1999 ஏப்ரலில் அதிகாரபூர்வத் தொகுப்பியாகவே அறிவிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ்-இலிருந்து பிரிந்த ஐஓ.ஜேஎஸ், 2015 செப்டம்பரில் நோட்.ஜேஎஸ் 4.0 பதிப்பாக மீண்டும் ஒன்றாயிற்று.

பின்னலாடை ஆர்டரும் அட்டவணைக் கட்டமும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் பொதுவாக மூன்று விவரங்களால் அடையாளம் காணப்படுகிறது: ஸ்டைல், கலர், சைஸ். மேலாடைகளில் சைஸ் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றும், உள்ளாடைகளில் 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டர் அளவிலும் குறிக்கப்படும். நூலிலிருந்து தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல நிலைகளைத் துணி கடக்கிறது. இவற்றில் பல வேலைகள் ஜாப் ஒர்க்காக வெளியே வேறு வேறு யூனிட்களில் நடப்பதால், எந்த நிலையில் எத்தனை பீஸ் உள்ளது என்ற கணக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படும்.

5 ஸ்டைல், ஒவ்வொன்றிலும் 8 கலர், 6 சைஸ் உள்ள ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 5 × 8 × 6 = 240 எண்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகிய நான்கு நிலைகளுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தால் 960 எண்கள். ஒரு சீசனில் ஒரு நிறுவனத்தில் இப்படிப் பல ஆர்டர்கள் ஓடும். இதனால்தான் இத்தொழிலுக்கான மென்பொருள்களில் எக்செல் போலத் தோன்றும் அட்டவணைக் கட்டம் மையமான கூறாக இருக்கிறது.

இந்தக் கட்டத்திற்குப் பொதுவான கூறுகளில் எளிதில் கிடைக்காத சில தேவைகள் உள்ளன. பக்கவாட்டில் நகர்த்தும்போது ஸ்டைல், கலர் நெடுவரிசைகள் இடம் மாறாமல் நிற்க வேண்டும். இல்லையெனில் எந்தக் கலரின் எண் என்று தெரியாது. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் சைஸ் வரிசை வேறாக இருக்கலாம். ரேஷியோவைத் தட்டினால் பீஸ் எண்ணிக்கை தானாக நிரம்ப வேண்டும். இப்படி ஒரு தேவை வரும்போது, கூறைக் கையாளும் நிரலாளருக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன: கூறு தரும் நீட்சி வசதிகளைக் கொண்டே சமாளிப்பது, ஃபோர்க் எடுப்பது, புதிதாக எழுதுவது. மூன்றையும் ஸ்லிக்கிரிட்டின் வரலாற்றில் காணலாம்.

ஸ்லிக்கிரிட்டின் வரலாறு

ஸ்லிக்கிரிட், மைக்கேல் லைப்மன் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் அட்டவணைக் கூறு. இதன் மூலநிரலின் பதிப்புரிமைக் குறிப்பு 2009-இலிருந்து தொடங்குகிறது. எம்ஐடி உரிமத்தில் வெளியானது. ஜேகுவரி நூலகத்தின் மேல் கட்டப்பட்டது.

இதன் சிறப்பு, திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் உலாவியில் உருவாக்குவது. ஒரு வரிசையின் உயரம் 25 பிக்சல், கட்டத்தின் உயரம் 500 பிக்சல் என்றால் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிபவை 20 வரிசைகளே. தரவில் 10,000 வரிசைகள் இருந்தாலும், இந்த 20-உம் அவற்றுக்கு மேலும் கீழும் சிலவும் மட்டுமே உலாவியின் நினைவகத்தில் இருக்கும். பயனர் நகர்த்தும்போது பழைய வரிசைகள் நீக்கப்பட்டுப் புதியவை வரையப்படும். இதனால் பழைய கணினிகளிலும் லட்சக்கணக்கான வரிசைகளை வேகமாகக் காட்ட முடிந்தது.

2014 மார்ச்சில் லைப்மன், தமது வாழ்க்கையில் வேறு பொறுப்புகள் மிகுந்துவிட்டதால் திட்டத்திற்குத் தேவையான நேரத்தைத் தர இயலவில்லை என்று திட்டப் பக்கத்தில் வெளிப்படையாக அறிவித்தார். அதற்குள் பல நிறுவனங்களின் உள்மென்பொருள்கள் இக்கூறை நம்பி இயங்கிக்கொண்டிருந்தன. ஜேகுவரி, உலாவிகள் இரண்டுமே மாறிக்கொண்டிருந்தன. எடுத்துக்காட்டாக, ஜேகுவரி 1.8 பதிப்பில் ஓர் உறுப்பின் அகலத்தைக் கணக்கிடும் முறை மாறியது. அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசையின் அகலமும் அக்கணக்கை நம்பியே அமைகிறது. எனவே எவரும் எதையும் மாற்றாமலேயே கூறு பழுதாகும் நிலை.

இந்த இடைவெளியில் 6பேக் என்ற கணக்கிலிருந்து நடத்தப்பட்ட ஃபோர்க் பயனர்களின் நம்பிக்கையைப் பெற்றது. அதன் தொடக்க நோக்கம் எளியது: புதிய ஜேகுவரி பதிப்புகளுடன் கூறு இயங்க வேண்டும், மூலத் திட்டத்தில் தேங்கிக்கிடந்த திருத்தங்களைத் தேர்ந்து சேர்க்க வேண்டும். பின்னர் 3-ஆம் பதிப்பில் ஜேகுவரி யுஐ சார்பும், 4-ஆம் பதிப்பில் ஜேகுவரி சார்பும் நீக்கப்பட்டன; 5-ஆம் பதிப்பு டைப்ஸ்கிரிப்ட்டில் மாற்றி எழுதப்பட்டது. இன்று ஸ்லிக்கிரிட் என்று பெரும்பாலோர் குறிப்பிடுவது இந்த ஃபோர்க்கையே.

நிலைநிறுத்திய நெடுவரிசை: ஒரு சோதனை ஃபோர்க்

மூல ஸ்லிக்கிரிட்டில் நெடுவரிசைகளை நிலையாக நிறுத்தும் வசதி இல்லை. அதைச் சேர்ப்பதற்கென்றே வேறு சில நிரலாளர்கள் தனி ஃபோர்க்குகள் நடத்தினர். அவற்றுள் எக்ஸ்-ஸ்லிக்கிரிட் என்பதும் ஒன்று. இந்த வசதி, பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும் நிரலின் அடித்தளத்தையே தொடுகிறது.

சாதாரணக் கட்டத்தில் தலைப்புக்கு ஒரு பலகம், தரவுக்கு ஒரு பலகம். இடப்பக்க நெடுவரிசைகளை நிறுத்தினால் தரவுப் பலகம் இடம், வலம் என இரண்டாகும். மேல் வரிசைகளையும் நிறுத்தினால் நான்காகும். அதன்பின் திரையில் ஒன்றாகத் தெரியும் ஒரு வரிசை, உண்மையில் இரண்டு தனித்தனி உறுப்புகள். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் நிறம் மாற வேண்டும். வலப்பலகத்தை மேலும் கீழும் நகர்த்தினால் இடப்பலகமும் அதே அளவு நகர வேண்டும். விசைப்பலகையால் ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பலக எல்லையைக் கடக்க வேண்டும். ஆகவே, வரைதல், நகர்த்தல், தேர்வு, திருத்தம் என ஏறத்தாழ எல்லாச் செயற்கூறுகளிலும் கைவைக்க நேர்கிறது.

இத்தகைய மாற்றத்தை ஒரே இணைப்புக் கோரிக்கையாக எந்தப் பராமரிப்பாளரும் எளிதில் ஏற்கமாட்டார். அதைப் படித்துப் பார்க்கவே பல நாட்கள் வேண்டும். ஏற்றபின் பழுதானால் பொறுப்பு அவருடையது. எனவே அது தனி ஃபோர்க்காகவே நீண்ட காலம் ஓடியது. பயனர்களும் இரண்டாகப் பிரிந்தனர்: நிலைநிறுத்தும் வசதி வேண்டுவோர் ஒரு பக்கம், புதிய திருத்தங்கள் வேண்டுவோர் மறுபக்கம். இரண்டும் வேண்டியவர்கள் தாங்களாகவே இணைத்துப் பார்த்தனர். முடிவில் 6பேக் ஃபோர்க்கின் 2.4 பதிப்பில் இந்த வசதி முதன்மைக் கிளையில் சேர்க்கப்பட்டது. சோதனை ஃபோர்க் எதற்காக உள்ளது என்பதற்கு இது நல்ல சான்று: வசதி உண்மைப் பயன்பாட்டில் தேறிய பிறகே மூலத்திற்குள் வந்தது.

புதிதாக எழுதும் வழி

மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல வணிக மென்பொருளும் தன் அறிக்கைப் பக்கங்களில் முதலில் ஸ்லிக்கிரிட்டையே பயன்படுத்தியது. 2018-இல் அதற்கு மாற்றாக ஃப்ராப்பே டேட்டாடேபிள் என்ற தன் சொந்தக் கூறை எழுதி, எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. ஃபோர்க் எடுக்காமல் புதிதாக எழுதுவதில், தேவையற்ற பழைய நிரலைச் சுமக்க வேண்டாம் என்பது ஆதாயம். பழைய கூறில் பல ஆண்டுகளாகத் திருத்தப்பட்ட நுண்பிழைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சந்திக்க வேண்டியிருப்பது இழப்பு. முழுநேர நிரலாளர்கள் உள்ள நிறுவனத்திற்கு இது இயலும். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு சிறு மென்பொருள் அலுவலகத்திற்கு ஃபோர்க்கே பெரும்பாலும் நடைமுறை வழி.

பராமரிக்கும் முறை

கிளைகளைப் பிரித்து வைத்தல்

களஞ்சியத்தில் குறைந்தது இரண்டு கிளைகள் தேவை. ஒன்று மூலத்தின் துல்லியமான பிரதி. அதில் எவரும் நேரடியாக எதையும் எழுதக் கூடாது. மற்றொன்று சோதனை மாற்றங்கள் உள்ள கிளை. இரண்டையும் ஒப்பிட்டால், நாம் என்னென்ன மாற்றியுள்ளோம் என்பது எந்த நேரத்திலும் ஒரே கட்டளையில் தெரிய வேண்டும். இந்த வேறுபாட்டின் அளவே ஃபோர்க்கின் உண்மையான சுமை. அது 300 வரியாக இருந்தால் ஒருவர் மாலை நேரத்தில் பராமரிக்கலாம். 10,000 வரியானால் அது தனித் திட்டம்.

மாற்றத்தைச் சிறிதாக வைத்தல்

மூலக் கோப்பின் நடுவில் புகுந்து 40 வரி எழுதுவதைவிட, அங்கு ஒரே ஒரு அழைப்பை மட்டும் சேர்த்து, அந்த 40 வரியைத் தனிக் கோப்பில் வைப்பது நல்லது. மூலம் மாறும்போது மோதுவது அந்த ஒரு வரி மட்டுமே. நிரலின் இடைவெளிகளைச் சீராக்குவது, மாறிகளின் பெயரை மாற்றுவது போன்ற அழகுத் திருத்தங்களை ஃபோர்க்கில் செய்யவே கூடாது. அவற்றால் பயன் எதுவும் இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் மோதல் மட்டும் வரும்.

ஒவ்வொரு கமிட்டும் ஒரு நோக்கத்தோடு இருக்க வேண்டும். "சைஸ் நெடுவரிசைத் தலைப்பை இரண்டு அடுக்காக்குதல்" ஒன்று, "ரேஷியோ நிரப்பும் வசதி" ஒன்று எனப் பிரித்து வைத்தால், நாளை மூலத்தில் அந்த வசதி வந்துவிடும்போது குறிப்பிட்ட கமிட்டை மட்டும் எடுத்துவிடலாம்.

மூலத்தை உள்வாங்குதல்

மூலத்தின் புதிய பதிப்பை ஃபோர்க்கில் சேர்க்க இரண்டு முறைகள் உள்ளன. மெர்ஜ் முறையில் மூலத்தின் மாற்றங்களும் நம் மாற்றங்களும் ஓர் இணைப்புக் கமிட்டில் சந்திக்கின்றன. வரலாறு நடந்தபடியே இருக்கும். ரீபேஸ் முறையில் நம் மாற்றங்களை மொத்தமாகத் தூக்கி, மூலத்தின் புதிய நிலைக்கு மேல் மீண்டும் ஒவ்வொன்றாக வைக்கிறோம். வரலாறு திருத்தி எழுதப்படுகிறது.

ரீபேஸ் செய்தால் நம் மாற்றங்கள் எப்போதும் ஒரே அடுக்காக, படிக்க எளிதாக இருக்கும். ஆனால் அக்கிளையை வேறு பலரும் பயன்படுத்தினால் அவர்களுடைய பிரதிகள் குழம்பிப்போகும். ஒருவர் மட்டும் வேலை செய்யும் சோதனைக் கிளைக்கு ரீபேஸும், பலர் சேர்ந்து செய்யும் கிளைக்கு மெர்ஜும் பொருந்தும். ஒரே மோதல் திரும்பத் திரும்ப வந்தால், முன்பு தீர்த்த விதத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் கிட்டில் இருக்கிறது.

எந்த முறையானாலும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை 10 கமிட்களை இணைப்பது எளிது. இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டு 500 கமிட்களை இணைக்க முயன்றால், எந்த மோதல் எதனால் வந்தது என்பதே தெரியாமல் போகும். கைவிடப்படும் ஃபோர்க்குகள் பலவும் இக்கட்டத்தில்தான் கைவிடப்படுகின்றன.

பெயரும் பதிப்பு எண்ணும்

மூலக் கூறின் பெயரிலேயே ஃபோர்க்கை வெளியிடக் கூடாது. என்பிஎம் களஞ்சியத்தில் நிறுவனப் பெயரை முன்னொட்டாகக் கொண்டு தனிப்பெயரில் வெளியிடலாம். பதிப்பு எண்ணில் எந்த மூலப் பதிப்பிலிருந்து பிரிந்தது என்பதும், இது சோதனை என்பதும் தெரிய வேண்டும். பதிப்பெண் விதிப்படி, 2.4.0 என்ற எண்ணுக்குப் பின் சிறுகோடிட்டு "சோதனை 3" என்ற பொருளில் ஒரு பின்னொட்டு வைத்தால், அது முழுமையான 2.4.0 பதிப்பைவிடக் கீழானதாகக் கருதப்படும். சாதாரணப் பயனர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது.

இதில் ஒரு பொறி உண்டு. என்பிஎம்-இல் வெளியிடும்போது குறிச்சொல்லைத் தனியே தராவிட்டால், அது "லேட்டஸ்ட்" என்ற குறியைப் பெறுவதே நெடுங்கால வழக்கம். பதிப்பெண் குறிப்பிடாமல் நிறுவுபவர் அனைவருக்கும் அப்போது சோதனைப் பதிப்பே இறங்கும்.

மாற்றப் பதிவேடு

மூலத்திலிருந்து எந்தெந்த இடத்தில் விலகியுள்ளோம், ஏன் விலகினோம், எப்போது அந்த விலகலை நீக்கலாம் என்ற மூன்று செய்திகளையும் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் ஃபோர்க்கை எழுதிய நிரலாளர் வேறு வேலைக்குப் போவது இயல்பு. அடுத்து வருபவருக்குக் காரணம் தெரியாவிட்டால், தேவையற்றுப்போன மாற்றத்தையும் அஞ்சி அஞ்சிச் சுமந்துகொண்டிருப்பார். அல்லது தேவையான ஒன்றை நீக்கிவிடுவார்.

சோதித்தல்: மொத்தம் சரியாக இருந்தால் போதாது

அட்டவணைக் கூறின் பிழை வெறும் தோற்றக் குறையாக நிற்பதில்லை. கட்டிங் டேபிளில் துணி வெட்டப்பட்டபின் எந்த மென்பொருள் திருத்தமும் அதை ஒட்டவைக்காது. பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டு இதைக் காட்டும்.

எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்பது ரேஷியோ. ஓர் அடுக்குத் துணியில் 6 பீஸ். 100 அடுக்கு விரித்தால் 600 பீஸ்: எஸ் 100, எம் 200, எல் 200, எக்ஸ்எல் 100. ஃபோர்க்கில், பயனர் சைஸ் நெடுவரிசைகளை இழுத்து இடம் மாற்றும் வசதியைப் புதிதாகச் சேர்த்திருப்பதாகக் கொள்வோம். மூலக் கூறு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் புலப்பெயரைக் கொண்டே தரவை எடுக்கிறது. ஆனால் ரேஷியோ நிரப்பும் புதிய நிரல், புலப்பெயரைப் பாராமல் "இரண்டாம் நெடுவரிசை, நான்காம் நெடுவரிசை" என்று வரிசை எண்ணை நம்பி எழுதப்பட்டுள்ளது. பயனர் எம், எக்ஸ்எல் இரண்டையும் இடம் மாற்றியபின் ரேஷியோவை நிரப்பினால், எம் 100 ஆகவும் எக்ஸ்எல் 200 ஆகவும் பதிவாகும்.

மொத்தம் அப்போதும் 600தான். துணியின் கணக்கில் சிறு வேறுபாடே வரும். மொத்தத்தை மட்டும் சரிபார்க்கும் சோதனை இதைப் பிடிக்காது. மேற்பார்வையாளரின் கண்ணும் எளிதில் பிடிக்காது. பேக்கிங்கில் பெட்டி போடும்போதே 100 எம் குறைவதும் 100 எக்ஸ்எல் மிஞ்சுவதும் தெரியவரும். அப்போது அதே டையிங் ஷேடில் துணி கிடைப்பது கடினம். கப்பல் தேதியும் நெருங்கியிருக்கும்.

எனவே தானியங்குச் சோதனைகள் ஒவ்வொரு கலத்தையும் அதன் ஸ்டைல், கலர், சைஸ் என்ற அடையாளத்தால் சரிபார்க்க வேண்டும். குறிப்பாகக் கீழ்க்கண்ட சூழல்களில் சோதிக்க வேண்டும்:

- வரிசைப்படுத்தியபின் ஒரு கலத்தைத் திருத்துதல்
- வடிகட்டியபின் ஒரு கலத்தைத் திருத்துதல்
- நெடுவரிசையை இடம் மாற்றியபின் ரேஷியோவை நிரப்புதல்
- திருத்திக்கொண்டிருக்கும்போதே அந்த வரிசை திரைக்கு வெளியே போகும்படி நகர்த்துதல்
- எக்செலில் இருந்து பல கலங்களை ஒட்டுதல்

ஸ்லிக்கிரிட்டின் தரவுக் காட்சி அமைப்பு, ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத தனி அடையாள எண் ஒன்றைக் கட்டாயமாக்குகிறது. திரையில் ஏழாவதாகத் தெரியும் வரிசை, வரிசைப்படுத்தியபின் முப்பதாவதாகப் போகலாம். அடையாள எண் மாறாது. ஃபோர்க்கில் எழுதும் புதிய நிரலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

சோதனைப் பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் தரக் கூடாது. ஒரு பிரிவில் ஓர் ஆர்டருக்கு மட்டும் தந்து, பழைய கட்டத்திலும் இணையாகப் பதிந்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று சில நாள் பார்ப்பது பாதுகாப்பானது. பிழை கண்டால் பழைய பதிப்புக்கு உடனே திரும்பும் பொத்தான் இருக்க வேண்டும்.

உரிமம்

எம்ஐடி உரிமம் மாற்றவும், விற்கவும், மூடிய மென்பொருளில் சேர்க்கவும் அனுமதிக்கிறது. மூலப் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் பிரதிகளில் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. உலாவிக்கு அனுப்புமுன் நிரலைச் சுருக்கும் கருவிகள் குறிப்புரைகளை நீக்கிவிடக்கூடும் என்பதால், உரிமக் குறிப்பு மட்டும் நீங்காதபடி அமைக்க வேண்டும். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கூறானால், மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டியிருக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் உள்ளது.

மூலத் திட்டத்தின் உரிமம் இடையில் மாறவும் கூடும். எக்செல் போன்ற மற்றோர் அட்டவணைக் கூறான ஹேண்ட்ஸான்டேபிள் 6-ஆம் பதிப்பு வரை எம்ஐடி உரிமத்தில் இருந்தது. 2019-இல் 7-ஆம் பதிப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கும் உரிமத்திற்கு மாறியது. அத்தகைய நிலையில், பழைய எம்ஐடி பதிப்பிலிருந்து ஃபோர்க் எடுத்தவர் அதைத் தொடரலாம். ஆனால் புதிய பதிப்பின் திருத்தங்களை எடுத்துச் சேர்க்க முடியாது. சரிபாராமல் இணைத்துவிட்டால் ஃபோர்க்கே உரிம மீறலாகிவிடும்.

பாதுகாப்பு

ஃபோர்க் எடுத்தவுடன் பாதுகாப்புப் பொறுப்பும் கைமாறுகிறது. மூலத்தில் ஒரு பாதுகாப்புப் பிழை திருத்தப்பட்டால், பெயர் மாற்றிய ஃபோர்க்கைப் பற்றி எச்சரிக்கைக் கருவிகளுக்குத் தெரியாது. பராமரிப்பவரே மூலத்தின் வெளியீட்டுக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும்.

சார்ந்துள்ள நூலகங்களுக்கும் இது பொருந்தும். 2020 ஏப்ரலில் வெளிவந்த ஜேகுவரி 3.5.0, அதற்கு முந்தைய பதிப்புகளில் இருந்த நிரல்நுழைப்புப் பிழைகளைத் திருத்தியது. பழைய ஜேகுவரியில் உறைந்துபோன ஃபோர்க் அப்பிழைகளையும் சேர்த்தே வைத்திருக்கும்.

அட்டவணைக் கூறுகளில் தனியே கவனிக்க வேண்டியது, கலத்தின் தோற்றத்தை அமைக்கும் செயற்கூறு. ஸ்லிக்கிரிட்டின் இயல்பான செயற்கூறு சிறப்புக் குறிகளை மாற்றி எழுதிவிடும். ஃபோர்க்கில் நிறக்கட்டமோ படமோ காட்டுவதற்காக நாமே எழுதும் செயற்கூறு அதைச் செய்யாவிட்டால், வெளியிலிருந்து வந்த எக்செல் கோப்பின் விவரணைப் பகுதியில் உள்ள நிரல் துண்டு அப்படியே உலாவியில் இயங்கக்கூடும்.

எப்போது முடித்துக்கொள்வது

சோதனை ஃபோர்க்கிற்கு முடிவு தேதியைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது. அந்நாளில் மூன்றில் ஒரு முடிவை எடுக்கலாம்.

வசதி தேறியிருந்தால், மூலத்திற்குச் சிறு சிறு கோரிக்கைகளாகப் பிரித்து அனுப்பலாம். தொழில் சார்ந்த பகுதியை, அதாவது ரேஷியோ, ஷேடு, பண்டில் போன்றவற்றை நீட்சியாக வெளியே எடுத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவான பகுதியை மட்டும் அனுப்பினால் ஏற்கப்படும் வாய்ப்பு மிகுதி.

வசதி தேறாவிட்டால், களஞ்சியத்தை ஆவணநிலைக்கு மாற்றி, பயன்படுத்துவோர் எங்கே போக வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். 2014-இல் லைப்மன் எழுதிய சிறு அறிவிப்பு, பயனர்கள் மாற்று வழி தேட உதவியது. எதுவும் சொல்லாமல் அமைதியாகிவிடும் திட்டங்களே பயனர்களை அதிகம் அலையவைக்கின்றன.

மூலத் திட்டமே நின்றுவிட்டால், ஃபோர்க்கை நிலையான திட்டமாக அறிவிக்கலாம். அப்போது ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் வெளியிடும் உரிமை இருக்க வேண்டும். அட்லாசியன் நிறுவனத்தின் இழுத்து நகர்த்தும் கூறான ரியாக்ட்-பியூட்டிஃபுல்-டிஎன்டி பராமரிப்பின்றிப் போனபோது, ஹெலோ-பாங்கியா என்ற குழு அதன் ஃபோர்க்கை ரியாக்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்பத் தொடர்ந்து நடத்தியது.

கற்கும் மாணவர்களுக்கு

ஃபோர்க் பராமரிப்பைக் கற்கப் பெரிய கூறு தேவையில்லை. ஓராண்டுக்கு முந்தைய பதிப்பிலிருந்து ஒரு சிறிய கூறைப் பிரித்து, ஒரே ஒரு வசதியைச் சேர்த்து, பின்னர் இன்றைய பதிப்பு வரை மூலத்தின் மாற்றங்களை ஒவ்வொரு வெளியீடாக உள்வாங்கிப் பார்க்கலாம். எங்கே மோதல் வந்தது, நம் மாற்றத்தை வேறு விதமாக எழுதியிருந்தால் அது வந்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தால், அந்த ஓராண்டின் அனுபவம் சில வாரங்களில் கிடைக்கும். ஜவுளி, நெசவு, வேளாண் விற்பனை போன்ற உள்ளூர்த் தொழில்களின் அட்டவணைத் தேவைகள் இதற்குப் பொருத்தமான களங்கள். அத்தேவைகளை அறிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மூலத் திட்டங்களை நடத்துவோருக்கு அவை தெரிய வாய்ப்புக் குறைவு.